அழைப்பிதழில் என் பெயர் இருந்த இடம்

மகனே,

நேரில் உன்னைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவேன். நம் ஊரில் தகப்பன்மார் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இன்று அந்த வார்த்தை பேனையில் வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை நீ கொக்குவில் வீட்டுக்கு வந்து, திருநெல்வேலியில் திறக்கப்போகும் இசைப்பள்ளியின் அழைப்பிதழ் மாதிரியை என் மேசையில் வைத்தாய். “அச்சுக்குக் குடுக்க முதல் ஒருக்காப் பிழை பாத்துத் தாங்கோ அப்பா” என்றாய். ஓய்வுபெற்ற ஆசிரியனின் கையில் சிவப்புப் பேனையைக் கொடுத்தால் அவனுக்குப் பத்து வயது குறைந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். மூன்று எழுத்துப்பிழை பிடித்தேன், சந்தோசமாகத்தான் பிடித்தேன். பிறகு நடுவில் இருந்த வரிக்கு வந்தேன். ‘திறந்து வைப்பவர்: என் தந்தையும் முதல் ஆசானுமாகிய’ என்று போட்டு, அதற்குக் கீழே தடித்த எழுத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறாய். அந்தப் பெயரை வெட்டியிருக்கிறேன். ஏன் வெட்டினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வாசித்து முடித்த பிறகு அந்த மண்டபத்தின் கடைசிக் கதிரையில்கூட என்னை இருத்த உனக்கு மனம் வராமல் போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் மகளை இங்கே கூட்டிவருவதை நீ நிறுத்தியும் விடலாம். அது தெரிந்துதான் எழுதுகிறேன். பயந்து பயந்துதான் எழுதுகிறேன்.

அழைப்பிதழ் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, கனடாவிலிருந்து வந்த உன் சின்னம்மா குடும்பம் இங்கே இருந்தபோது நடந்ததை நீ ஒருவேளை பெரிதாக எடுத்திருக்க மாட்டாய். சாப்பாடு முடிந்து எல்லாரும் விறாந்தையில் இருந்தோம். உன் மகளைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டு மாட்டேன் என்றாள். நான்தான் விடவில்லை. “அப்பப்பாவுக்காக ஒரு பாட்டுப் பாடுங்கோ பிள்ளை, எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம்” என்று அவளை என் பக்கத்தில் இழுத்தேன். என் கை அவளுடைய மேற்கையின் உட்பக்கத்துக்குப் போனது. அந்த இடத்தில் சதை மெல்லியது, கிள்ளினால் வெளியே தெரியாது. நான் யோசித்துச் செய்யவில்லை, விரல்களுக்கு வழி தெரிந்திருந்தது. அதற்குள் நீ குரலை உயர்த்தாமல் சொன்னாய்: “விடுங்கோ அப்பா. அவ பாடாட்டிப் பரவாயில்லை. நீங்கள் போய் விளையாடுங்கோ பிள்ளை.” அவள் ஓடிவிட்டாள். சின்னம்மா பேச்சை மாற்றினாள். நான் என் இரண்டு விரல்களையும் மடிக்குள் வைத்துக்கொண்டு, கொக்குவில் ஸ்ரேசனைத் தாண்டிப் போன ரயிலின் சத்தம் அடங்கும்வரை அப்படியே இருந்தேன். அந்த விரல்கள் முன்பு யாரைக் கிள்ளின என்பது நம் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

சண்டையில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து போன அதே வருடம் அது. உனக்கும் எட்டு வயது. அம்மா உன்னைச் சைக்கிளின் பின்கரியரில் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குப் போனாள். நான் தேவாலயத்தில் பாடகர் குழுவுக்குப் பாட்டுப் பழக்கிக்கொண்டிருந்தேன். செல் விழுந்து வெடித்த சத்தம் எங்களுக்கும் கேட்டது. கொஞ்சம் நிறுத்தி, எங்கே என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, தூரம்தான் என்று மறுபடி பாடினோம். அந்த நாட்களில் எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். உன்னை ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்தபோது உன் முழங்காலில் ஒரு சிராய்ப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அம்மாவின் சந்தைப் பையை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாய். உள்ளே கத்தரிக்காய் அப்படியே இருந்தது. ஆட்கள் வரும்வரை நீ தெருவில் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறாய். எவ்வளவு நேரம் என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அடக்கம். அன்று காலையில் நான் உனக்கு வெள்ளைச் சட்டை போட்டுச் சீப்பால் தலை இழுத்துவிட்டு, அம்மாவுக்குப் பிடித்த கீர்த்தனையை நீ தனியாகப் பாடவேண்டும் என்று சொன்னேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். “என்னாலை பாடேலாது அப்பா. தொண்டைக்குள்ளை ஒண்டும் இல்லை” என்றாய். நான் உனக்குச் சொன்ன பதில் இதுதான்: “நாங்கள் விசுவாசிக்கிற ஆக்கள். தலையிலை அடிச்சுக் கத்துறது எங்கடை பழக்கம் இல்லை. நிமிந்து நிண்டு பாடவேணும்.” நீ மறுபடி ஏலாது என்றாய். அப்போதுதான் கிள்ளினேன். பாடகர் குழுவில் சுருதி விட்ட பிள்ளைகளைக் கிள்ளுகிற அதே இடத்தில், அதே மாதிரி. பின்னேரம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நீ மூன்று சரணமும் பாடினாய். ஒரு இடத்தில்கூடச் சுருதி விலகவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஆலயத்து மூப்பர் வந்து என் கையைப் பிடித்து, “மாஸ்டர், பிள்ளையை எப்பிடி வளத்திருக்கிறியள், இதெல்லோ விசுவாசம்” என்றார். இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. உன் அம்மாவின் பெட்டி இன்னும் மூடப்படவில்லை. அதற்குப் பக்கத்தில் நின்று நான் பெருமைப்பட்டேன்.

அன்றோடு நீ பேசுவதை நிறுத்தினாய். ஏழு மாதம். பள்ளிக்கூடத்தில் சிலர் மருந்து சொன்னார்கள், சிலர் செபம் செய்தார்கள். நான் கோடு போடுகிற அடிமட்டத்தால் அடித்தேன். பிள்ளை பிடிவாதம் பிடிக்கிறான், விட்டால் பழகிவிடும் என்பது என் கணிப்பு. முப்பது வருடம் பிள்ளைகளைப் படிப்பித்த ஒருவனுக்கு இவ்வளவுதான் விளங்கியது. பிறகு எல்லாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு ஓடினோம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் பாயைப் போட்டு இருந்தபோது, மறுகரையில் அரியாலையிலிருந்து வந்த சூசையின் குடும்பம் இருந்தது. செத்தவீடுகளுக்கு வாசிக்கிற பாண்ட் கோஷ்டியின் தலைவர். ஊரில் அவரைப் ‘பாண்ட் சூசை’ என்பார்கள். என்னைவிட மூன்று வயது மூத்தவர், ஆனாலும் நான் ‘அவன்’ என்றுதான் சொல்லி வந்தேன். அவர்கள் வேறு சாதி ஆட்கள் என்பதால் அப்படி. எங்கள் சபையில் சாதி இல்லை என்று நான் பிரசங்க பீடத்தில் நின்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். பீடத்தை விட்டு இறங்கினால் எங்கள் வீட்டுக் குசினிக்கு வெளியே ஒரு நெளிந்த பேணி கொக்கியில் தொங்கும். வேலைக்கு வருகிற அவையளுக்குத் தண்ணீர் கொடுக்க.

சூசை ஒருநாள் மரத்தடியில் இருந்து தன் ட்ரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீ அவருக்கு முன்னால் போய் நின்றாய். அவர் ஒன்றும் கேட்காமல் ஊதுவாயைக் கழற்றி உன் கையில் தந்தார். நீ அதை வாயில் வைத்து ஊதினாய். வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஏழு மாதத்தில் உன்னிடமிருந்து வந்த முதல் சத்தம் அது. அங்கே இருந்த பெண்களில் ஒருத்தி அழுதாள். நான் ஓடிவந்து ஊதுவாயைப் பறித்தேன். “ஆற்றையோ வாய் வைச்சதை வாயிலை வைக்கிறியோ” என்று கேட்டேன். நீ கையை நீட்டிக்கொண்டு, “தாங்கோ அப்பா” என்றாய். உன் பேச்சு திரும்பி வந்துவிட்டது மகனே. என்னிடம் ஒரு பொருளைக் கேட்டு வந்தது. நான் கொடுக்கவில்லை. உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வைத்தேன். சூசை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார், ஊதுவாயைத் திருப்பி வாங்கித் தன் சட்டையில் துடைத்து ட்ரம்பெட்டில் மாட்டினார். இப்போது சொல், உன் முதல் ஆசான் யார்?

திரும்பி வந்து வீட்டைத் திருத்திக் குடியிருந்த பிறகு, நீ அரியாலைக்குப் போய் வருவது எனக்குத் தெரியும். ரியூசன் என்று சொல்வாய், சைக்கிளில் கடற்கரை மணல் ஒட்டியிருக்கும். தெரியாதமாதிரி இருந்தேன், ஏனென்றால் தெரிந்ததாகக் காட்டினால் ஏதாவது செய்ய வேண்டும். உனக்குப் பதினேழு வயதில் என் பழைய அதிபரின் தாயாருடைய செத்தவீட்டுக்குப் போனேன். ஒழுங்கையால் பாண்ட் வந்தது. வெள்ளை உடுப்பு, தொப்பி, மூன்றாவது ஆளாக நீ. என் பக்கத்தில் நின்ற ஆசிரியர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், உந்த மூண்டாவது பெடியன் உங்கடை மகன் எல்லே?” என்றார். நான் “இல்லை, அவன் வீட்டிலை படிச்சுக்கொண்டிருக்கிறான்” என்றேன். நீ எனக்குப் பத்தடி தூரத்தில் வந்துகொண்டிருந்தாய். அவ்வளவு நன்றாக வாசிக்கிற ட்ரம்பெட்டை நான் அதற்கு முன்பு எங்கும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு நீ என்னிடம் கேட்டாய்: “நான் வாசிச்சதைக் கேட்டனீங்களோ அப்பா?” நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “எங்கை?” என்றேன். அந்தச் சொல்லை நீ மறந்திருக்க மாட்டாய். இரண்டு கிழமைக்குப் பிறகு ட்ரம்பெட்டோடு கொழும்புக்குப் போய்விட்டாய்.

கொழும்பில் நீ பட்டதெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். கலியாண மண்டபங்களிலும் ஹோட்டல்களிலும் வாசித்தாய், வாசித்து முடித்துக் குடித்தாய், பிறகு குடித்துவிட்டு வாசித்தாய், கடைசியில் வாசிக்கக் கூப்பிடுவதையே நிறுத்தினார்கள். மண்டபத்தில் வெடி கொளுத்தினால் நீ மேடைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்வாய் என்று உன் கோஷ்டிக்காரன் ஒருவன் பிறகு சொன்னான். அதை அவன் பகிடியாகச் சொன்னான். இதுவரை நான் எழுதியதெல்லாம் உனக்கு ஓரளவு தெரிந்தவை. இனி எழுதுவது உனக்குத் தெரியாதது. இதற்காகத்தான் மூன்று நாளாகத் தாளைக் கிழித்துக் கிழித்துப் போடுகிறேன்.

நீ இரத்தமாக வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குத் தெரியும். சூசை அவர்கள் அரியாலையிலிருந்து கொக்குவிலுக்கு வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து சொன்னார். படலைக்கு வெளியேதான் நின்றார், உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை. “மாஸ்டர், தம்பி கொழும்பிலை ஆஸ்பத்திரியிலை கிடக்கிறான். உங்களைத்தான் கேட்டவனாம். விடிய பஸ்ஸிலை நான் போறன், நீங்களும் வாங்கோ” என்றார். அது அமைதியாக இருந்த கொஞ்ச வருடங்கள். பாதை திறந்திருந்தது, பஸ் ஓடியது, சண்டையின் மேல் பழியைப் போட எனக்கு வழியில்லை. நான் சொன்னது: “உன்ரை பாண்ட்டாலை வந்தது. நீயே போய்ப் பார். எனக்கு நத்தார்ப் பாட்டுப் பழக்கம் கிடக்கு.” ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். உன்மேல் கோபமில்லை. வெள்ளவத்தையில் நம் சொந்தக்காரர் இருந்தார்கள். என் மகன் குடித்துக் கிடக்கிறான் என்று அவர்கள் பார்ப்பதும், அவனைப் பார்க்க நான் பாண்ட் சூசையோடு ஒரே சீற்றில் இருந்து வருவதும் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. நீ செத்துவிடலாம் என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசையை நினைத்தால் எனக்கு என்னைப் பார்க்கவே கூசுகிறது. அவர் இரண்டு கிழமை உன் கட்டிலடியில் நிலத்தில் படுத்தார், நான் வர மறுத்ததை மட்டும் உனக்குச் சொல்லவில்லை. அந்த இரண்டு கிழமையும் நான் இங்கே பிள்ளைகளுக்கு இயேசு பிறப்பைப் பற்றிய நத்தார்ப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன்.

சண்டை முடிந்து நீ ஊருக்கு வந்த நாளை நினைத்துப்பார். சூசை அவர்கள்தான் உன்னைக் கூட்டிவந்து படலையடியில் விட்டார். நீ விறாந்தையில் இருந்துகொண்டு கேட்டாய்: “நான் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை உங்களுக்குத் தெரியுமோ அப்பா?” நான், “ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை மோனை. தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பன்” என்றேன். நீ திரும்பி அவரைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். என் மானம் முழுவதும் அப்போது அவருடைய வாயில் இருந்தது. அவர் சைக்கிள் ஹாண்டிலைப் பார்த்துக்கொண்டு, “மாஸ்டரைச் சந்திக்க எனக்கு வசதி வரேல்லை தம்பி. என்ரை பிழைதான்” என்றார். அதற்குப் பிறகு நீ ஒரு மாதத்துக்கு மேல் அவரோடு கதைக்கவில்லை. என்னோடு கதைத்தாய். என்னை மன்னித்தாய், கண் ஒப்பரேசனுக்குக் கூட்டிப்போனாய், கூரை மாற்றித் தந்தாய். பன்னிரண்டு வருடமாக நான் அனுபவித்தது எல்லாம் அந்த மனிதனுக்குச் சேர வேண்டியது.

உன் தொழில்களைப் பற்றி ஊரில் கேட்டால் நான்தான் முதலில் வாய் திறப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய அம்பிளிபயரோடும் இரண்டு ஸ்பீக்கரோடும் தொடங்கினாய். குடியை விட்ட முதல் வருடம் கை நடுங்கும், வயர் பொருத்த முடியாது, ஆனாலும் கோவில் திருவிழாவுக்கும் ஆலயத்துக்கும் சொன்ன நேரத்துக்கு நின்றாய். பிறகு கதிரையும் பந்தலும் வந்தன. பிறகு அரியாலையில் செத்தவீட்டுக் காரியமெல்லாம் பார்க்கிற மலர்ச்சாலை. கூலிக்கு இழுபட்ட பாண்ட்காரர்களை நிரந்தரமாக வேலைக்கு வைத்து, அவர்களுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்து, எந்த வீட்டிலும் படலைக்கு வெளியே நிறுத்தினால் பாண்ட் வராது என்று ஒரு விதி வைத்தாய். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன், “வியாபாரம் படுத்துவிடும்” என்றேன். படுக்கவில்லை. மலர்ச்சாலையைச் சுற்றிக் காட்டியபோது பெட்டி வைக்கிற கூடத்துக்குப் பின்னால் கதவு போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. பாயும் இரண்டு தலையணையும் தண்ணீர்ப் போத்தலும் மட்டும். இது என்னத்துக்கு என்று கேட்டேன். “பிள்ளையள் வந்திருக்க. பெட்டிக்குக் கிட்டப் போகச் சொல்லி ஒருத்தரும் அவையளைக் கரைச்சல் படுத்தக்கூடாது” என்றாய். எனக்கு அந்த நிமிசமே விளங்கியது. விளங்கியும், “இடம் வீணாப் போகுது, சாமான் போட்டு வைக்கலாம்” என்றேன். நீ கதவைச் சாத்தினாய். அந்த அறையை ஒருபோதும் களஞ்சியம் ஆக்கிவிடாதே. தகப்பன் என்ற உரிமையில் நான் உனக்குச் சொல்லக்கூடிய தொழில் புத்தி இது ஒன்றுதான்.

நேற்றுப் பகல் நான் பஸ் ஏறி அரியாலைக்குப் போனேன். சூசை அவர்களைக் கேட்காமல் இதை உனக்கு எழுதக்கூடாது என்று பட்டது. முப்பது வருடத்தில் அவருடைய வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல்தரம். வாசலில் என்னைக் கண்டதும் அவர் பதறி எழும்பினார், கதிரையைத் துடைத்தார். அவருடைய மனைவி கடைக்கு ஆள் அனுப்பி ஒரு சோடா வாங்கி, மூடி திறக்காமலே கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். திறப்பானையும் பக்கத்தில் வைத்தார். உனக்கு விளங்கும். எங்கள் ஆட்கள் அவர்களுடைய வீட்டுப் பாத்திரத்தில் வாய் வைக்க மாட்டார்கள் என்பதால், வருகிறவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அவர்களே இப்படிப் பூட்டின போத்தலாக வாங்கி வைப்பார்கள். எண்பது வயதுக்குக் கிட்ட இருக்கிற மனிசி, எனக்காக அப்படி யோசித்திருக்கிறா. நான் அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். “அக்கா, எனக்குச் சோடா வேண்டாம். நீங்கள் குடிக்கிற தேத்தண்ணியிலை கொஞ்சம் தாங்கோ” என்றேன். அவ தன் புருசனைப் பார்த்தா. “எங்கடை கோப்பையிலையோ மாஸ்டர்?” என்று கேட்டா. ஓம் என்றேன். குடித்தேன். தேத்தண்ணீர் குடித்ததால் நான் நல்லவனாகிவிட்டேன் என்று எழுதவில்லை. அந்தக் கேள்வியை அவ கேட்க வேண்டி வந்ததே, அதற்காக எழுதுகிறேன்.

வந்த விசயத்தைச் சொன்னேன். உனக்கு எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்றேன். அவர் கதிரை துடைத்த துணியை மடித்துக் கொடியில் போட்டார். பிறகு, “வேண்டாம் மாஸ்டர். அவனுக்குத் தாய் இல்லை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு அப்பா கிடைச்சிருக்கிறார். அதையும் ஏன் எடுக்கிறியள்?” என்றார். என்னைக் குற்றம் சொல்லி ஒரு சொல்லும் அவரிடமிருந்து வரவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “உங்களிலை அவன் கோபிச்ச அந்த ஒரு மாதம் எப்பிடி இருந்தது?” என்று நான் கேட்டேன். அவர் சிரிக்கப் பார்த்தார். “கஷ்டமாத்தான் இருந்தது” என்று மட்டும் சொல்லிவிட்டு, பஸ் தரிப்புவரை என்னோடு நடந்து வந்தார். அவர் சொன்னது சரியாக இருக்கலாம். நான் இதை எழுதுவது என் நெஞ்சுப் பாரத்தை உன் தலையில் இறக்கிவைக்கிற இன்னொரு சுயநலமாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கார்ட்டில் என் பெயருக்குக் கீழே, ‘பாண்ட் இசை’ என்ற சின்ன எழுத்து வரியில் அவர் பெயர் இருக்கிறதைப் பார்த்துக்கொண்டு என்னால் மேடையில் ஏற முடியாது. ஏறினால், அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் பெருமைப்பட்ட அதே ஆள்தான் ஏறுவான்.

ஆகவே என் பெயர் இருந்த இடத்தில் அவருடைய பெயரைச் சிவப்பால் எழுதியிருக்கிறேன். ‘பாண்ட் சூசை’ என்று எழுதவில்லை, ஞானஸ்நானப் பெயரும் தகப்பன் பெயரும் சேர்த்து முழுதாக, நேற்று அவரிடமே கேட்டு எழுதினேன். ‘தந்தையும்’ என்பதையும் வெட்டினேன், ‘முதல் ஆசான்’ என்பதை வெட்டவில்லை, அது இனித்தான் சரியான ஆளுக்கு மேல் இருக்கிறது. என்னைக் கேட்காதபோதும் ஒன்று சொல்கிறேன்: உன் பள்ளியில் பிள்ளைகள் பாடும்போது பெற்றாரை முன்வரிசையில் இருத்தாதே. பின்னுக்கு இருத்து. எங்களுக்குப் பிள்ளையின் பாட்டைவிடப் பக்கத்தில் இருப்பவரின் முகம்தான் நன்றாகத் தெரியும். இந்தக் கடித உறையை நான் ஒட்டவில்லை. நீ உன் மனைவிக்கு வாசித்துக் காட்டலாம், மகள் வளர்ந்த பிறகு அவளுக்கும் கொடுக்கலாம், விருப்பமானால் திறப்புவிழாவில் எல்லாருக்கும் முன்னால் வாசிக்கலாம். என்னை ஊர் புகழ்ந்தது எல்லாருக்கும் முன்னால்தான். நான் வரலாமா வேண்டாமா என்பதை நீ சொல். வரச் சொன்னால் கார் அனுப்பாதே, பலாலி வீதி பஸ்ஸில் வந்து இறங்குவேன். வேண்டாம் என்றால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அன்று காலை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்று நீ என்னிடம் ஒன்று சொன்னாய். அதற்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் மகளுக்கு நீ சொன்னதைக் கேட்ட பிறகுதான் அந்தப் பதில் இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரிந்தது. இப்போது உனக்கு அது உதவாது. இருந்தாலும் அந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டும்.

பாட வேண்டாம் மோனை. உந்தச் சட்டையைக் கழட்டு. இஞ்சை வா, என்ரை மடியிலை இரு. அம்மா செத்துப்போனா. ரெண்டு பேருமா இருந்து அழுவம்.